எங்கள் வீட்டில் எலி மருந்து இல்லை

எலியை ஒழிப்பது எப்படி என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரைக் கேட்டாலும் டவுனில் எந்தக் கடையில் எந்தப் பொட்டலம் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். என்னிடம் கேட்டால் பதில் நீளும். கேட்பவர்களுக்குப் பொறுமை இருக்காது, எனக்கோ பாதியில் விட மனது வராது. வட்டகொடைப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தில் மரக்கறி போட்டு, ஒரு பொட்டலம்கூட வாங்காமல், கரட்டையும் கிழங்கையும் முழுசாகக் கூடையில் ஏற்றியவள் நான். அந்தத் தெனாவட்டோடுதான் இதை எழுதுகிறேன்.

நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவள். அம்மாக்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. ஒருத்தன் அழ ஆரம்பித்தால் மொத்தக் கூட்டமும் சேர்ந்து அழும். அதையே சமாளித்தவள் என்பதால் எனக்கு எதைக் கண்டும் பெரிய பயமில்லை. என் வீட்டுக்காரர் ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், கொழுந்து வாடவைக்கிற மாடியில் இருந்தார். அங்கே மின்விசிறிச் சத்தத்தை மீறிக் கத்திப் பேசிப் பழகியவர். வீட்டில் உப்புக் கேட்டாலும் பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து உப்பு வந்துவிடும்.

அப்படிப்பட்ட மனிதர் வேலையை விட்ட பிறகு பேச்சை நிறுத்திவிட்டார். கட்டில் ஓரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். சாப்பிடுங்க என்றால் சாப்பிடுவார், குளிங்க என்றால் குளிப்பார், தானாக ஒரு வார்த்தை வராது. ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்தார்கள், பரவாயில்லை என்றார்கள். எனக்குப் பரவாயில்லையாகத் தெரியவில்லை. ஒருநாள் கையில் மம்பட்டியைக் கொடுத்து லயத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே எங்களுக்கென்று இருந்த இடத்தைக் கொத்திப் பாத்தி போட்டோம். கரட் முளைத்தது, முட்டைக்கோவா சுருண்டது, உருளைக்கிழங்குச் செடி பச்சையாக எழுந்தது. அவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். முதலில் மண்ணைத் திட்டினார், அப்புறம் மழையைத் திட்டினார், கடைசியில் தண்ணீர் ஊற்றத் தெரியாதவள் என்று என்னைத் திட்டினார். திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எலி வந்தது. ஒரு காலையில் அவர் கரட் ஒன்றைப் பிடுங்கினார், வெறும் இலை மட்டும் கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. மேலே பச்சை அழகாக நிற்கிறது, கீழே மண்ணுக்குள்ளேயே தின்று முடித்திருக்கிறது. அவர் அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் பாத்திக்கு வரவில்லை, கட்டில் ஓரத்துக்குத் திரும்பிவிட்டார். கரட் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். எனக்கு அந்த மனிதரின் பேச்சு திரும்ப வேண்டியிருந்தது. எலியோடு நான் மல்லுக்கு நின்றது அதற்காகத்தான்.

பக்கத்துக் காம்பராவில் இருப்பவள் கொழுந்து பறிக்கப் போகிறவள். நல்ல மனசு, பெரிய வாய். பாத்தியைப் பார்த்ததும் தீர்ப்புச் சொன்னாள்.

"மருந்து வச்சிருங்க அக்கா. ரெண்டே நாள்ல எல்லாம் காலி."

"என் வீட்டுல அந்த மருந்து நுழையாது புள்ள. ஒனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் பேச்சில் மருந்து என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு வேலை பாருங்கள். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, தேயிலைக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. ஆனால் யாராவது மூச்சிரைக்க ஓடி வந்து "மருந்து குடிச்சிட்டா" என்றால், என்ன மருந்து என்று தோட்டத்தில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. என் தங்கச்சியைப் பற்றி அப்படித்தான் ஓடி வந்து சொன்னார்கள். கூரையில் ஓடிய எலிகளுக்காக வாங்கி வைத்திருந்தது அது. அவளுக்குக் கல்யாண வயதுகூட ஆகவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை. அன்று முதல் எலி மருந்து என் வாசற்படியைத் தாண்டியதில்லை, தாண்டவும் விடமாட்டேன். அதனால் என்னை ஜீவகாருண்யக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். எலிகளுக்கு நல்லது செய்யவேண்டும் என்று நான் கிளம்பவில்லை. மருந்து கிடையாது என்று முடிவானபின் வேறு வழிகள் தேடினேன், தேடியபோதுதான் எலியையும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன்.

முதலில் யார் தின்கிறார் என்று பார்க்க வேண்டும். மூக்கு நீண்டு, கீச்கீச் என்று சுவரோரமாக ஓடுகிற மூஞ்சூறு கிழங்கைத் தொடுவதில்லை. அது பூச்சியும் புழுவும் தின்று நமக்கு உதவி செய்கிற ஜீவன். நாற்றமடிக்கிறது என்பதற்காக அதை விளக்குமாற்றால் அடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிள்ளையாருக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து, அவருடைய வாகனத்தை முற்றத்தில் அடிக்கிறார்கள். சுண்டெலி விதையையும் போஞ்சிக்காயையும் தின்னும். மண்ணைக் குவியல் குவியலாகத் தள்ளி, கீழாலேயே வழி போட்டுக் கரட்டை இழுப்பது பெருச்சாளி. எங்கள் பாத்தியில் பின்னவர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள்.

சாயங்காலம் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிட்டால் காலையில் எந்த வளை திறந்திருக்கிறதோ அங்கேதான் ஆள் குடியிருக்கிறார். அந்த வாசலில் கம்பிக்கூட்டை வைக்கவேண்டும். வைத்த அன்றே பிடிபடும் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். கூட்டின் கதவைத் திறந்தே கட்டிவைத்து, சுட்ட கருவாடும் தேங்காய்த் துண்டும் சும்மா சாப்பிடக் கொடுக்கவேண்டும். பயம் விட்டு உள்ளே போய்வரப் பழகிய பிறகு கதவை அவிழ்த்துவிடலாம். கூட்டுக்குள் காய்ந்த புல் போட்டு, மேலே சாக்கு மூடுங்கள். இல்லாவிட்டால் இங்கத்தக் குளிரில் விடிவதற்குள் எலி விறைத்துச் செத்துவிடும், அதற்குப் பொட்டலமே வாங்கியிருக்கலாம். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் வந்து படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிடித்ததை எங்கே விடுவது? ஆற்றுக்கு அந்தப் பக்கம் கவனிப்பாரில்லாமல் மானாப்புல் மண்டிக் கிடந்த பழைய தேயிலைக்குள் கொண்டுபோய் விட்டேன். காலையில் சாக்கு மூடிய கூட்டைத் தூக்கிக்கொண்டு நான் நடக்க, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, போகிற பெண்கள் எதிரே வருவார்கள்.

"என்னா அக்கா, இன்னிக்கு யாருக்கு எடமாத்தம்?"

"கணக்கப்பிள்ளைக்குத்தான். சொல்லிறாதீங்க."

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. ஆனால் பாத்தியில் எலி குறைந்தபாடில்லை. வால் நுனி அறுந்த ஒரு எலியைக் கொண்டுபோய் விட்டேன். சில நாள் கழித்து வால் நுனி அறுந்த இன்னொன்று பிடிபட்டது. இந்தக் குடும்பத்துக்கே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாவது தடவையும் அதே வால் வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது. அந்த வாரமே ஆற்றுக்கு அப்பாலுள்ள மேட்டு லயத்து ஆள் ஒருவர் என்னைத் தேடி வந்தார். நல்ல கோழி வளர்ப்புக்காரர்.

"அக்கா, ஒங்க எலிய எல்லாம் எங்க பக்கம் விடுறீங்களாமே? எங்க கெழங்கு பூரா போச்சு."

"அப்ப நீங்க மருந்து வைக்கலையா தம்பி?"

"கோழி இருக்கே, எப்புடி வைக்கிறது? நானும் கூட்டுலதான் புடிக்கிறேன்."

"புடிச்சி?"

அவர் தலையைச் சொறிந்தார். "ஒங்க பக்கந்தான் விடுறேன்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். நானும் அவரும் போட்டி போட்டுப் புண்ணியம் தேட, வால் அறுந்தவர் மட்டும் ஓசியில் ஆற்றைக் கடந்து கடந்து இரண்டு பக்கத்துச் சாப்பாட்டையும் ருசி பார்த்திருக்கிறார். வீட்டுக்குள் போய் இந்தக் கதையை என் வீட்டுக்காரரிடம் நடித்தே காட்டினேன். பழைய ஆளாக இருந்தால் கட்டிலே ஆடும்படி சிரித்திருப்பார். அவர் சுவரைப் பார்த்தபடியே "ம்" என்றார். அந்த "ம்"மைக் கேட்டதும் என் சிரிப்பு நின்றுவிட்டது.

இடமாற்றத்தை அன்றோடு நிறுத்தினேன். எலியைத் தூக்கிக்கொண்டு அலைவதைவிட, அது இங்கே குடியிருக்க விரும்பாதபடி செய்வதுதான் கெட்டிக்காரத்தனம். எலிக்கு வெட்டவெளி பிடிக்காது. மேலே பருந்தும் ஆந்தையும் இருப்பது அதற்குத் தெரியும். பாத்தியைச் சுற்றி ஓராள் படுக்கிற அகலத்துக்குப் புல்லைச் சிரைத்து வெறும் தரையாக்கினேன். பாத்தியோரம் சாய்த்து வைத்திருந்த விறகை எடுத்து, கல் மேல் பலகை போட்டு உயரத்தில் அடுக்கினேன். சோற்றுக் கஞ்சியும் மரக்கறித் தோலும் கொட்டுகிற குழியைத் தூரத்துக்கு மாற்றினேன். பாத்தியோரக் கல்கட்டில் இருந்த ஓட்டைகளைச் சல்லிக்கல்லும் மண்ணும் போட்டு இறுக்கினேன். சுண்டெலிகள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டன. பெருச்சாளி மட்டும் அசையவில்லை. அவருக்கு வெட்டவெளி என்ன, மழை என்ன? அவருடைய பாதை மண்ணுக்குக் கீழே. ஒருநாள் கிழங்குப் பாத்தியின் நடுவரிசையை முழுக்கக் காலி செய்துவிட்டார். என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதோடு ஒரு இருமலும் சேர்ந்துகொண்டது.

டிஸ்பென்சரியில் இருமலுக்குத் தண்ணி மருந்து கொடுத்தார்கள். நான் மூக்குக்கண்ணாடி விஷயமாகத் தலவாக்கலை டவுனுக்குப் போகவேண்டியிருந்தது. பக்கத்துக் காம்பராக்காரி அன்று வேலைக்குப் போகவில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு மறக்காமல் மருந்து கொடுக்கும்படியும், கொடுத்ததும் எனக்கு ஃபோன் பண்ணும்படியும் சொல்லிவிட்டுப் போனேன். சொல்லாவிட்டால் அவர் குடிக்கமாட்டார்.

கண்ணாடிக் கடையில் காத்திருக்கும்போது ஃபோன் அடித்தது. அவள் பக்கத்தில் பெரிய மழை, தகரத்தில் அடிக்கிற சத்தம். அதை மீறி அவள் கத்தினாள்.

"அக்கா! அண்ணே மருந்து குடிச்சிட்டாரு!"

ஃபோன் கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன், போகவில்லை. எங்கள் லயத்தில் மழை பெய்தால் சிக்னல் அவ்வளவுதான். நான்தான் அவளை அப்படிச் சொல்லச் சொன்னேன் என்பது எனக்குத் துளிகூட ஞாபகம் வரவில்லை. தண்ணி மருந்தும் இருமலும் எங்கே போனதோ தெரியவில்லை. கத்திச் சொல்லப்பட்ட அந்த வார்த்தை மட்டும் காதில் நின்றது. சுவரைப் பார்த்த முகம், இறங்காத சாப்பாடு, அந்த "ம்", எல்லாம் சேர்ந்து கணக்குச் சரியாகிவிட்டது. கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடி வந்து முதலில் கண்ட ஆட்டோவில் ஏறினேன். டிரைவர் சிங்களப் பையன். "இக்மன் கரன்ன மல்லி" என்று அவனை அவசரப்படுத்திக்கொண்டே வந்தேன். பாதி வழியில் நான் அழுவதைப் பார்த்து அவன் வேகத்தைக் கூட்டினான். வழியில் இருக்கிற எந்தச் சாமியையும் நான் விடவில்லை. எல்லாருக்கும் நேர்ந்துகொண்டேன்.

லயத்தில் கூட்டம் இல்லை, அழுகை இல்லை. பக்கத்துக் காம்பராக்காரி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி அவரு? எந்த ஆஸ்பத்திரி?"

"என்ன அக்கா? அண்ணே ஸ்டோருப் பக்கம் போனாரு. மருந்து குடிச்ச ஒடனே கெளம்பிட்டாரு."

"என்ன மருந்துடி?"

"நீங்க வச்சிட்டுப் போன தண்ணி மருந்துதான். நீங்கதானே ஃபோன் பண்ணச் சொன்னீங்க?"

நான் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்து அவள் முதுகில் ஒன்று வைத்தேன். முதலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் அரிசிச் சுளகு கையிலிருந்து நழுவிவிட்டது. "ஐயோ அக்கா, நான் என்னா வார்த்த சொல்லிட்டேன்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழ ஆரம்பித்தாள்.

அந்த நேரம்தான் அவர் ஸ்டோர்ப் பாதையில் இறங்கி வந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். தோளில் சுருட்டிய பழைய கம்பிவலை.

"என்னா, ரெண்டு பேரும் ஒப்பாரி வைக்கிறீங்க? யாரு செத்தா?"

பாத்திக்கு எலி வந்ததற்குப் பிறகு அவர் தானாக, அதுவும் பழைய சத்தத்தோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். அதை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. லயமே எட்டிப் பார்க்கும்படி கத்தித் தீர்த்தேன். அவர் வலையை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, நான் முடிக்கும்வரை நின்று கேட்டார். உள்ளே வந்து தலை துவட்டி, பால் விடாத சாயத்தண்ணி குடித்தபிறகு, கொழுந்து வாடவைக்கிற தொட்டியிலிருந்து கழற்றிப் போட்ட வலை ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தது ஞாபகம் வந்ததாகவும் கேட்டு வாங்கி வந்ததாகவும் சொன்னார். அதைப் பாத்திக்கு அடியில் விரித்துவிட்டால் பெருச்சாளிக்குக் கீழ்வழி அடைபடும். நல்ல யோசனைதான். ஆனால் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"போன கெழம முடி வெட்டிட்டு வாங்கன்னு நீ டவுனுக்கு அனுப்புனியே. அப்ப கடையில எலி மருந்து கேட்டேன்."

துண்டைக் காயப்போடப் போன நான் திரும்பி வந்தேன்.

"எடுத்து மேசையில வச்சான். எனக்குக் கை நீளல. வேணாம்னு வந்துட்டேன்."

"எனக்குப் பயந்தா?"

"ஒனக்குப் பயந்து இல்ல. எலிக்குத்தான் வாங்குறேனான்னு எனக்கே நிச்சயமாத் தெரியல."

ஆட்டோவில் வந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கத்துவதற்கு வாய் வரவில்லை, நல்லவேளை வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எப்போதிருந்து என்று கேட்டேன். ஸ்டோரை விட்டதிலிருந்து, வரும் போகும் என்றார். இப்போது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, வலை ஞாபகம் வந்ததிலிருந்து இல்லை என்றார். மறுநாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், டாக்டரிடம் அவர் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்லவைத்தேன். பிரஷர் மட்டும் பார்த்து அனுப்ப நான் இந்தத் தடவை விடவில்லை. மனசுக்கென்று இருக்கிற கிளினிக்குக்கு இப்போதும் மாதாமாதம் போய்வருகிறோம்.

வலையையும் விரித்தோம். முழங்கால் ஆழத்துக்கு மண்ணை வெட்டி எடுத்து, அடியில் வலையைப் பரப்பி, நான்கு ஓரத்தையும் மண்ணுக்கு மேல் ஒரு சாண் தெரிகிற மாதிரி மடக்கி நிறுத்தவேண்டும். பிறகு மண்ணை நிரப்பிச் செடி வைக்கலாம். பெருச்சாளி வந்து கம்பியில் முட்டிப் பார்த்தது, சுற்றிலும் தோண்டிப் பார்த்தது, பிறகு ஆற்றுப் பக்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு எங்கள் பாத்தியில் ஒரு கரட்டும் குறைந்ததில்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். மேட்டு லயத்துக் கோழிக்காரருக்கும் வலை போய்ச் சேர்ந்தது. பக்கத்துக் காம்பராக்காரி தன் வீட்டில் வைத்திருந்த பொட்டலத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் வாயிலிருந்து இப்போது மருந்து என்ற வார்த்தையே வருவதில்லை. இருமலுக்கு டானிக் என்கிறாள், காய்ச்சலுக்குக் குளிசை என்கிறாள், தேயிலைக்கு அடிப்பதை விஷம் என்றே சொல்கிறாள்.

நானும் ஒரு வழக்கத்தை ஆரம்பித்திருக்கிறேன். காலையில் தேத்தண்ணி கொடுக்கும்போது "இன்னைக்கு மனசு எப்புடி இருக்கு?" என்று நேராகக் கேட்கிறேன். ஆரம்பத்தில் அவருக்கு வெட்கமாக இருந்தது, எனக்கும்தான். எங்கள் ஆட்களிடையே வயிறு எப்படி என்று கேட்போம், மூட்டு எப்படி என்று கேட்போம், இப்படி யாரும் யாரையும் கேட்டதில்லை. இப்போது பழகிவிட்டது. அநேகமான நாட்களில் "நல்லாத்தான் இருக்கு, போ" என்று விரட்டுவார். முந்தாநாள் கேட்டபோது கோப்பையைக் கீழே வைத்தார். "இன்னைக்குச் சரியில்ல" என்றார். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.